சேலைப் பெட்டியில் வந்த சிலந்தி

தணிகாசலத்துக்கு "இல்லை" என்ற சொல் மட்டும் வராது. வாயில் கோளாறு ஒன்றும் கிடையாது. மற்ற சொற்களெல்லாம் தேவைக்கு மேலேயே வரும். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஆட்டோ நிறுத்துகிறவர்களில், கேட்டது எதுவானாலும் முதலில் "இருக்குது, ஏறுங்க" என்று சொல்லிவிட்டு, அது எங்கே இருக்கும் என்பதைப் போகிற வழியில் யோசிக்கிறவர் அவர் ஒருவர்தான். ஒருமுறை பெங்களூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, ஆமைகள் இருக்கிற கோயில் குளத்தைப் பார்க்க வேண்டும் என்றது. தணிகாசலம் ஒரு குளத்தைக் காட்டினார். ஆமைகள் எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். "உச்சி வெயில்ல அதுங்க தூங்கும், எழுப்பக்கூடாது" என்றார். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பூனைநடை நடந்து குளத்தைச் சுற்றி வந்தார்கள். சந்தோஷமாகத்தான் ஊர் திரும்பினார்கள்.

பிறந்தது கூரத்தில். விவசாயக் குடும்பம். நிலத்தைப் பிரித்தபோது ஆளுக்குக் கிடைத்தது பயிர் வைக்கப் போதாது, சண்டை போடப் போதும் என்கிற அளவில் இருந்தது. அண்ணன் கட்சிக்குப் போனார், தம்பி தணிகாசலம் ஆட்டோவுக்கு வந்தார். இரண்டு தொழிலுக்கும் மூலதனம் ஒன்றுதான், வாய், என்பது தம்பி மனைவி ரேணுகாம்பாளின் கருத்து. ரேணுகாம்பாள் வீட்டிலிருந்தபடி பட்டுச் சேலைகளின் முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறவர். முடிச்சுப் போடுகிறவர் என்பதால் பேச்சிலும் முடிச்சு இறுக்கமாகவே விழும்.

தணிகாசலத்தின் ஆட்டோவுக்கு இன்னொரு இயல்பு உண்டு. காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு பட்டுக் கடையைத் தொடாமல் அது எங்கேயும் போய்ச் சேராது. பேருந்து நிலையத்திலிருந்து ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் அந்தக் கடை வழி, ரயில் நிலையத்துக்கும் அந்தக் கடை வழி, பிரசவ ஆஸ்பத்திரிக்கே கூட வலி கொஞ்சம் தாங்கும் போலிருந்தால் அந்தக் கடை வழிதான். கடை வாசலில் வண்டியை நிறுத்திப் பின்னால் திரும்பி, "வாங்கணும்னு இல்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்" என்பார். அவருக்கு வராத சொல் அந்த ஓரிடத்தில் மட்டும் சரளமாக வந்துவிடும். ஆள் என்றால் இப்படி ஒரு முரண்பாடாவது இருக்க வேண்டாமா?

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் முதுகுப்பையோடு ஒரு பெண் அவர் வண்டியருகே வந்து நின்றாள்.

"அங்கிள், சிலந்தி பாக்கணும். இந்தப் பக்கம் எங்க இருக்கும்?"

பட்டு கேட்டிருக்கிறார்கள், கோயில் இட்லி கேட்டிருக்கிறார்கள், ஜோசியர் கேட்டிருக்கிறார்கள். சிலந்தி புதிது. ஆனால் தணிகாசலம் கண்ணிமைக்கவில்லை.

"இருக்குது. ஏறும்மா."

"எந்தச் சிலந்தின்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே?"

"எதுவானாலும் இருக்குது."

அவள் பெயர் ஜீவிதா. ஏனாத்தூரில் ஆராய்ச்சிப் படிப்பு. ஒரே ஒரு வகைச் சிலந்தி, இந்தத் தாலுகாவில் எங்கெங்கே வாழ்கிறது, எங்கெங்கே வாழவில்லை, ஏன் என்பதுதான் கேள்வி. இரண்டு வருடம் புத்தகங்களில் படித்தாயிற்று, இப்போதுதான் நேரில் தேடக் கிளம்பியிருந்தாள். போனில் படம் காட்டினாள். வட்டமான வலை. அதன் நடுவில் மஞ்சளும் வெள்ளியுமாகப் பட்டை போட்ட வயிற்றோடு ஒரு சிலந்தி தலைகீழாகத் தொங்கியது. எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து நாலாக நீட்டியிருந்தது. ஒவ்வொரு ஜோடிக் காலின் நுனியிலிருந்தும் வெள்ளை நூலில் வளைந்து நெளிந்து ஒரு கோடு. மொத்தத்தில் வலையின் நடுவே பெருக்கல் குறி போட்டது போலிருந்தது.

"கையெழுத்துச் சிலந்தின்னு சொல்லுவோம்" என்றாள்.

"இன்னாமா கையெழுத்து? இது ரேக்கு" என்றார் தணிகாசலம். பட்டுச் சேலையின் கரையில் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்குமே, அந்தப் பல்வரிசைக்கு ரேக்கு என்று பெயர். "கரை கட்டிக்கினு உக்காந்துகினு இருக்குது. எதுக்கு இந்த வேலை அதுக்கு?"

"பூச்சியை இழுக்கன்னு சிலர் சொல்றாங்க. பறவை வலையைக் கிழிச்சிடாம இருக்கன்னு சிலர். தன்னைப் பெருசா காட்டிக்கன்னு சிலர்."

"அப்ப யாருக்கும் தெரியாது."

"அப்படி இல்ல அங்கிள். நெறைய பேருக்கு நெறைய தெரியும்."

இந்தப் பதில் தணிகாசலத்துக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தன் தொழிலைச் சேர்ந்தவள்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று முதல் காலை வேளைகளில் ஜீவிதா அவருடைய நிரந்தரச் சவாரி ஆனாள். தாமல் ஏரிக்கரை, கூரத்து வயல்வேலிகள், கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, உண்ணிச்செடி என்று எங்கே வெயில் படுகிற குட்டை வேலி இருக்கிறதோ அங்கே முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் கண்ணை வைத்துக்கொண்டு நடந்தார்கள். தணிகாசலத்துக்குச் சிலந்தியைப் பற்றிக் கடைசிவரை ஒன்றும் பிடிபடவில்லை. முதல் வாரத்தில் எட்டுக்கால் பூச்சி எதைப் பார்த்தாலும் "இந்தா இருக்குது பார்" என்று கூவினார். அதில் ஒன்று நண்டு.

ஒருநாள் தாமலில், பெரிய வலையின் ஓரத்தில் கடுகுக்குக் கால் முளைத்தது போல ஒன்று உட்கார்ந்திருந்தது.

"குட்டியாமா?"

"ஆம்பளை அங்கிள். இவ புருஷன்."

"இத்துனூண்டா?"

"கல்யாணம் முடிஞ்சதும் பெரும்பாலும் இவ அவனைச் சாப்பிட்டுடுவா."

தணிகாசலம் அந்த வலையிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது ரேணுகாம்பாள் குஞ்சத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "எங்க இருக்குதாம் அது?"

"தாமல்ல."

"பரவால்ல. கிட்டதான்."

கார்த்திகை பிறக்கும்போது ஜீவிதா தான் கண்ட இடங்களையெல்லாம் கணினி வரைபடத்தில் கறுப்புப் புள்ளிகளாக வைத்துத் தன் பேராசிரியரிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்தச் சிலந்திக்கும் பட்டு நெசவுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கேட்டாராம். ஏனென்றால் எல்லாப் புள்ளிகளும் ஊருக்குள் பட்டுக் கடைகள் இருக்கும் பக்கம் ஏதோ ஒரே இடத்திலிருந்து கிளம்பிச் சக்கரத்தின் ஆரங்கள் போலப் போயிருந்தன. நடுவில் மட்டும் வெறுமை. ஜீவிதா அந்த வெறுமையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். காந்தி ரோட்டை ஒட்டிய சந்து.

மறுநாள் காலை ஆட்டோவில் ஏறவில்லை. வெளியிலேயே நின்றாள்.

"அங்கிள், நான் சிலந்தி எங்க இருக்குதுன்னு மேப் போட்டேன்னு நெனச்சேன். உங்க கமிஷன் எங்க இருக்குதுன்னு மேப் போட்டிருக்கேன்."

"கடையப் பாத்துக்கினு போனா வழி கொஞ்சம் சொகமா இருக்கும்னு…"

"ஏனாத்தூர் ரோட்டுல ஒரு புள்ளி இல்ல. ஏன்? அது கடை வழியில்ல. ஓரிக்கை பக்கம் ஒண்ணு இல்ல. ஏன்?"

"அதுவும் கடை வழியில்ல" என்று தணிகாசலம் பணிவாக ஒப்புக்கொண்டார்.

அதன்பிறகு அவள் தாலுகாவைக் கட்டம் கட்டமாகப் பிரித்தாள். ஒரு கட்டத்தையும் விடாமல் போக வேண்டும் என்றாள். ஏனாத்தூரிலும் ஓரிக்கையிலும் சிலந்தி இருந்தது. முன்பும் இருந்திருக்கும், தணிகாசலம்தான் போகவில்லை. கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. நடுக்கட்டம் மட்டும், ஊரின் மையம் மட்டும், நிரம்பவில்லை.

அதில்தான் அவளுடைய ஆராய்ச்சியே தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் பெருத்ததால் சிலந்தி போகவில்லை, வேலி போனதால்தான் போயிற்று. வேலி இருக்கிற இடத்தில் நடு ஊரானாலும் அது வாழும் என்பது அவள் கட்சி. ஆனால் காஞ்சிபுரத்தின் நடுவில் வேலி ஏது? சுவர் இருக்கிறது, சுவரில் வலை கட்டினால் ஒட்டடைக் கம்பு இருக்கிறது. பல்லிக்குத் தங்கத்தில் உருவம் செய்து தொட்டுக் கும்பிடுகிற ஊர் சிலந்திக்கு இவ்வளவுதான் மரியாதை வைத்திருந்தது.

ஒரே ஒரு வேலி மிஞ்சியிருந்தது. பூட்டிக் கிடந்த ஒரு பழைய சத்திரத்தின் கொல்லையில், கற்றாழையும் கள்ளியும் பின்னி வளர்ந்த நீள வேலி. பங்காளிகள் இருவர் கோர்ட்டில் இருந்ததால் அதை யாரும் வெட்டவில்லை. ஊரில் இயற்கையைக் காப்பாற்றுவதில் பங்காளிச் சண்டையின் பங்கு பெரிது. காவல்காரர் தணிகாசலத்துக்குத் தெரிந்தவர் என்பதால் கதவு திறந்தது. பல காலை தேடினார்கள். வெயில் இருந்தது, வேலி இருந்தது, வெட்டுக்கிளி கூட இருந்தது. சிலந்தி இருக்கவில்லை.

ஜீவிதா கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இல்ல அங்கிள். இங்க கூட இல்லைன்னா என் தியரியே தப்பு. ரெண்டு வருஷமும் போச்சு."

தியரி என்றால் என்ன என்பது தணிகாசலத்துக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனால் தன் வண்டியில் ஏறிய ஒருத்தி, இறங்கிய இடத்தில் உட்கார்ந்து "இல்ல" என்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. நாற்பது சேலை பார்த்துவிட்டு எதுவும் பிடிக்காமல் எழுந்திருக்கும் அம்மாக்களிடம், நாற்பத்தொன்றாவதை உள்ளேயிருந்து எடுத்து வரச் சொல்லிப் பழகியவர் அவர். உள்ளே இருக்கும். எங்கேயாவது இருக்கும்.

அன்று மதியமே தாமலுக்குப் போனார். கையில் பட்டுக் கடையின் காலிச் சேலைப் பெட்டி, மேல்மூடியில் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டைப் பெட்டி. ஏரிக்கரைக் கற்றாழையில் நல்ல வாட்டசாட்டமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெட்டியைக் கீழே ஏந்திக்கொண்டு வலையை லேசாகத் தட்டினார். அவள் உருவமே தெரியாத அளவுக்கு வலையைக் கிடுகிடுவென்று ஆட்டினாள். இரண்டாம் முறை தட்டியதும் பொத்தென்று பெட்டிக்குள் விழுந்தாள். தணிகாசலம் மூடியைப் போட்டு, வாய்க்குப் பழகிய மரியாதையோடு சொன்னார்: "வாம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்."

பொழுது சாய்வதற்குள் அவள் சத்திரத்து வேலியில் குடியேறினாள். விடிந்தபோது வலை கட்டி, நடுவில் ரேக்கும் போட்டிருந்தாள்.

"எதுக்கும் இன்னொரு தபா பாத்துடலாம்மா" என்று தணிகாசலம் ஜீவிதாவை அழைத்துப் போனார். அவள் போட்ட கூச்சலில் காவல்காரர் கம்போடு ஓடி வந்தார். அவள் அந்த வலையை முன்னால், பின்னால், பக்கவாட்டில் எல்லாம் படம் எடுத்தாள். வரைபடத்தின் நடுக்கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து அவரிடம் காட்டினாள்.

"இது உங்க புள்ளி அங்கிள்."

கேட்டதைக் கொடுப்பது எப்படிப் பொய்யாகும் என்பது தணிகாசலத்தின் வாதம். அந்த வாதத்தை அவர் அன்று யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஓட்டியதில் கடைச் சந்தைத் தாண்டிப் போய்விட்டார். அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

சில நாளில் வலைக்கு அருகே, காய்ந்த இலையைச் சுருட்டி வைத்தது போல ஒரு சின்னப் பை தொங்கியது. முட்டைப் பை என்று ஜீவிதா அதையும் படம் எடுத்தாள். பிறகு அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டாள். மார்கழியில் தணிகாசலம் ஒருமுறை எட்டிப் பார்த்தபோது வலை கிழிந்து கிடந்தது. அந்த அம்மாளைக் காணோம்.

தை மாதம் ஜீவிதா போன் செய்தாள். குரலில் துள்ளல்.

"அங்கிள், வெளியூர்லேந்து எக்ஸ்பர்ட் வரார், மயில்வாகனம் சார்னு. சிலந்தியில பெரிய ஆளு. என் ரிப்போர்ட் பூரா படிச்சிட்டாராம், எல்லாம் நல்லா இருக்குன்னாராம். அந்த நடுப் புள்ளியை மட்டும் நேர்ல பாக்கணுமாம். அது இருந்தா நான் சொன்னது நிக்கும். இல்லைன்னா மத்த புள்ளி எல்லாத்தையும் சந்தேகப்படுவேன்னு சிரிச்சிகிட்டே சொன்னாராம். வியாழக்கிழமை காலைல நம்ம வண்டியிலதான் கூட்டிட்டுப் போகப் போறேன்."

தணிகாசலம் "வாங்கம்மா" என்றார்.

ரேணுகாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கை நின்றது.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுய்யா."

"சொன்னா அதோட ரெண்டு வருஷம் போச்சு."

"சொல்லலைன்னா?"

"இன்னொண்ணு கொண்டாந்து வெச்சுட்டா ஒரு தொல்லையும் இல்ல."

"ஏன், பொய்யையும் ஜோடியாத்தான் வெப்பியா?"

ஜோடியாகத்தான் வைத்தார், அல்லது வைக்கப் பார்த்தார். புதன்கிழமை மாலை தாமலில் தேடு தேடு என்று தேடினார். தையில் சிலந்திகள் குறைந்துவிடும் என்பதை ஜீவிதா எப்போதோ சொல்லியிருக்கிறாள், அவர் கேட்கவில்லை. கடைசியில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு கற்றாழைப் புதரில் ஒருத்தி கிடைத்தாள். அதே மாதிரிப் பெட்டி, அதே உபசாரம். ஊருக்குத் திரும்பினால் சத்திரம் பூட்டியிருந்தது. காவல்காரர் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். காலையில்தான் வருவார். பெட்டியோடு வீட்டுக்குப் போனார்.

ரேணுகாம்பாள் வாசல்படியில் கையை வைத்து மறித்தார். "அவ உள்ள வந்தா நீ வெளிய இருந்துக்கோ. அவ பழக்கம் தெரிஞ்சவளாச்சே நானு, எனக்கும் புத்தி மாறிடப் போவுது."

பெட்டி ஆட்டோவில், பின்சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் தங்கியது.

தைப் பனி அட்டைப் பெட்டிகளுக்கு ஆகாது. காலையில் பார்த்தால் கண்ணாடித்தாள் ஒரு மூலையில் பசை விட்டு நாக்கு போலத் தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை. தணிகாசலம் சீட்டுக்கு அடியில் பார்த்தார், கால்மிதியைத் தூக்கிப் பார்த்தார், சக்கரத்துக்குக் கீழேயும் பார்த்தார். விழுந்ததைத் தேடுகிறவன் கீழேதான் பார்ப்பான். மேலே பார்க்கத் தோன்றுவதற்குள் போன் அடித்தது. எக்ஸ்பர்ட் சீக்கிரமே வந்துவிட்டார்.

மயில்வாகனம் சார் ஒல்லியாக, காதிச் சட்டையோடு, பூதக்கண்ணாடியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நின்றார். ஜீவிதா புதுச் சுடிதார். இருவரும் ஏறினார்கள். ரங்கசாமி குளத்தைத் தாண்டும்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பிடிக்க இடம் தேடி மயில்வாகனம் சார் பின்பக்கம் கையை நீட்டித் திரும்பினார். திரும்பியவர் திரும்பியபடியே இருந்தார்.

"கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா."

நின்றது.

"ஜீவிதா, வாழிடம்னு ஒரு அத்தியாயம் எழுதியிருந்தியே. கற்றாழை, கள்ளி, உண்ணிச்செடி… ஆட்டோன்னு ஒண்ணு இருந்ததா எனக்கு ஞாபகம் இல்லையே?"

பின்சீட்டுக்கும் கூரைக் கம்பிக்கும் நடுவே, பின்பக்கச் சின்ன ஜன்னலை மறைத்து, முழு வட்டமாக ஒரு வலை. நடுவில் வெள்ளைப் பெருக்கல் குறி. அதன்மேல் தாமல்காரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வண்டி நின்ற அதிர்ச்சியில் வலையை இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள். கீழே கடைப் பெயர் பொறித்த சேலைப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது.

ஜீவிதா வலையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி, டிரைவர் கண்ணாடியில் தெரிந்த கண்களைப் பார்த்தாள்.

"அங்கிள். அந்தப் புள்ளி… நெஜமா அங்க இருந்துச்சா?"

ஆமை தூங்குகிறது என்று சொன்ன வாய் அது. இப்போதும் ஏதாவது சொல்லியிருக்கலாம். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். தணிகாசலம் ஹேண்டிலைப் பிடித்தபடி குனிந்தார்.

"இல்லம்மா" என்றார். "அது அங்க இல்ல. நான்தான் கொண்டாந்து வெச்சேன்."

"எதுக்கு அங்கிள்?"

"நீ கெணத்து மேடையில உக்காந்துகினு இல்லன்னு சொன்னியேமா."

ஜீவிதாவின் முகம் சிவந்தது. திட்ட ஆரம்பித்து, எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிறுத்தி, "சார், நான் சத்தியமா…" என்று பக்கத்தில் திரும்பினாள். மயில்வாகனம் சார் கையமர்த்திவிட்டு முன்பக்கம் சாய்ந்தார்.

"மத்த புள்ளிகள்? அதுலயும் நீ கொண்டுபோய் வெச்சது எத்தனை?"

"ஒண்ணுகூட கெடையாது சார். தாமலுக்கும் இங்கயும் ரெண்டு தபா போய் வந்ததுக்கே நாக்கு தள்ளிப்போச்சு. தாலுகா பூராவும் பூச்சியத் தூக்கிக்கினு சுத்த எனக்கு இன்னா தலையெழுத்து? பெட்ரோல் யார் குடுப்பா?"

மயில்வாகனம் சார் யோசித்தார். "சத்தியம் பண்ணியிருந்தா நம்பியிருக்கமாட்டேன். இது நம்பற மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "இருந்தாலும் சுத்துப்புறத்துல சில இடங்களை நானே பாத்துடறேன். அதுக்கு முன்னால, வந்தது வந்தோம், அந்த வேலியைப் பாத்துடுவோம்" என்றார்.

சத்திரம் வரைக்கும் மூவரும் சாலையையே பார்த்துக்கொண்டு போனார்கள். நான்காமவள் பள்ளம் வரும்போதெல்லாம் வலையை ஆட்டினாள்.

வேலியில் பெருக்கல் குறி எதுவும் இல்லை. ஜீவிதா ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்துவிட்டு, அதே கிணற்று மேடையில் அதே மாதிரி உட்கார்ந்தாள். மயில்வாகனம் சார் மட்டும் முழங்காலை மடித்துக் கற்றாழை மடல்களுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் அப்படியே இருந்ததால் முள் மாட்டிக்கொண்டதோ என்று தணிகாசலம் கிட்டப் போனார்.

இரண்டு மடல்களுக்கு இடையில் தேநீர்த் தட்டு அளவுக்கு ஒரு வலை. நடுவில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியது போல வெள்ளையாக ஒரு வட்டம். வட்டத்துக்குப் பின்னால் எள்ளுக்குக் கொஞ்சம் பெரிதாக ஒன்று ஒளிந்திருந்தது. பக்கத்து மடலில் இன்னொரு பொட்டு. அதற்கும் கீழே இன்னொன்று.

"இது வேற ஜாதி சார். ரேக்கு இல்ல பாருங்க" என்றார் தணிகாசலம், இத்தனைக்குப் பிறகும்.

"குழந்தைங்கப்பா. சின்ன வயசுல வட்டம்தான் போடும். வளர்ந்தாத்தான் பெருக்கல். ஜீவிதா, இங்க வா. உன் முட்டைப் பை வெடிச்சிருக்கு."

அவள் ஓடிவந்து மண்ணில் மண்டியிட்டாள். புதுச் சுடிதாரை மறந்துபோனாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் மெல்லச் சொன்னாள்: "அப்ப… இங்க வாழ முடியுது சார்."

"முடியுது. ஆனா தானா வர முடியலை. குட்டிங்க நூலைக் காத்துல விட்டுப் பறந்துதான் போகும். ஏரிக்கரையிலேந்து இங்க வர்றதுக்குள்ள இறங்கி நிக்க ஒரு வேலி கெடையாது, எல்லாம் சுவரு. நீ 'இங்க இருக்கு'ன்னு எழுதியிருக்க. அது தப்பு. 'கொண்டுவந்து விட்டா இருக்கும்'னு எழுது. அது அதைவிடப் பெரிய விஷயம். ஆனா இதை முறையா செஞ்சு பாக்க அனுமதி கேட்டு எழுதியிருந்தேன்னு வை, கமிட்டி கூடிக் கூடிக் காப்பி குடிச்சிருக்கும்." தணிகாசலத்தைப் பார்த்தார். "இந்த ஆளு அனுமதி கேக்கலை. அதுக்காக இந்த ஆளைப் பாராட்டினதா நினைச்சுக்க வேண்டாம்."

தணிகாசலம் ஏற்கெனவே நினைத்துக்கொண்டுவிட்டார்.

கிணற்று மேடையில் கணினியைத் திறந்து, மயில்வாகனம் சார் முன்னாலேயே ஜீவிதா நடுக்கட்டத்துக் கறுப்புப் புள்ளியை அழித்தாள். அந்த இடத்தில் உள்ளே வெறுமையாக ஒரு வட்டம் போட்டாள். மனிதரால் கொண்டுவரப்பட்டது என்று அதற்கு அர்த்தம். கொண்டுவந்தவர் பெயர், எங்கிருந்து, எந்த மாதம், எதில் வைத்து என்று அடியில் குறிப்பு எழுத வேண்டும் என்றார் சார். தணிகாசலம் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் தட்டினாள். அலங்காரம் எதுவும் சேர்க்காமல் அவர் பேசியதில், பாதியிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது.

"எதுல கொண்டுவந்தீங்க?"

"பொட்டியிலமா."

"என்ன பெட்டி?"

"சேலைப் பொட்டி. கடைப் பேரும் போட்டுக்கலாமா?"

"அங்கிள்!"

வண்டியில் இருப்பவளை எடுத்த புதரிலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்பது சாரின் தீர்ப்பு. தாமலில் சில வேலிகளையும் அப்படியே சோதித்துவிடலாம். ஜீவிதாவின் தீர்ப்பு அதைவிடக் கடுமை. "கடை வழியா போகக்கூடாது. இன்னைக்கு மட்டும் இல்ல, நான் இந்த வண்டியில ஏறுற வரைக்கும்."

தெருமுனையில் ஹேண்டில் தன்போக்கில் இடதுபக்கம் திரும்பியது. "நேரா அங்கிள்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நேராகப் போனார். தாமல் போகிற வழியில் உள்ள வெள்ளைகேட்டுக்கு இவ்வளவு குறுக்கு வழி இருப்பது அவருக்கே புதுச் செய்தி.

தாமலில் மயில்வாகனம் சார் தானே வேலி வேலியாக இறங்கிப் பார்த்தார். சிலந்திகள் குறைவாகத்தான் இருந்தன. ஆனால் ஜீவிதா புள்ளி வைத்த புதர்களில் பழைய வலையோ, வெடித்த முட்டைப் பையோ, வட்டப் பொட்டோ ஏதாவது ஒன்று சாட்சிக்கு இருந்தது. கடைசியில் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "புள்ளிகள் நிக்கும். அந்த அத்தியாயத்தை மட்டும் மாத்தி எழுதி அனுப்பு" என்றார். ஜீவிதா ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தணிகாசலம் மதகுப் புதரில் தாமல்காரியை இறக்கிவிட்டார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்காமல் மடலுக்கு அடியில் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது சாலை நீண்டு கிடந்தது. ஜீவிதா வழி சொன்னதோடு சரி, கோபம் ஆறாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மயில்வாகனம் சார் இரண்டு மூன்று முறை தொண்டையைச் செருமினார்.

"ஏம்பா, காஞ்சிபுரம் வரைக்கும் வந்துட்டு வெறுங்கையோட போனா வீட்டுல… இங்க நல்ல சேலையா, ஏமாத்தாம குடுக்கற கடை ஏதாவது இருக்கா?"

வண்டியின் வேகம் குறைந்தது. தணிகாசலம் வாயைத் திறந்தார். டிரைவர் கண்ணாடியில் ஜீவிதா தெரிந்தாள். வாயை மூடிக்கொண்டார். ஒரு லாரி தாண்டியது, ஒரு பஸ் தாண்டியது, வெள்ளைகேட்டும் வந்துவிட்டது. சவாரி ஒன்று கேள்வி கேட்டு அவர் பதில் சொல்லாமல் இவ்வளவு தூரம் வண்டி ஓடியதாகச் சரித்திரம் கிடையாது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

ஜீவிதா அதைக் கொஞ்ச தூரம் ரசித்தாள். இன்னும் கொஞ்ச தூரம் ரசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"சார் கேக்கறார்ல. சொல்லுங்க அங்கிள், இருக்குதா?"

"இருக்குது சார்" என்றார் தணிகாசலம், அணை திறந்தது போல. "வாங்கணும்னு இல்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்."